யொன்னாவுக்குத் தைத்த நீலக் கவுன்

யொன்னா அந்தப் பள்ளிக்கு மூன்று வாரத்துக்கென்றுதான் போனாள். சமையலறையில் உருளைக்கிழங்கு உரிக்கிற பெண்ணுக்குக் கை முறிந்திருந்தது. எலும்பு கூடும்வரை ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். அப்போது யொன்னாவுக்கு இருபத்தொன்பது வயது. எலும்பு கூடியது, அந்தப் பெண் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனாள், யொன்னா அங்கேயே இருபத்தேழு வருஷம் இருந்துவிட்டாள். அதில் கடைசிப் பதினாறு வருஷம் சமையலறை அவள் பொறுப்பு.

டென்மார்க்கின் மேற்கே, உப்பங்கழியைப் பார்த்த ஒரு மேட்டில் இருந்த மக்கள் உயர்பள்ளி அது. பரீட்சை கிடையாது, மதிப்பெண் கிடையாது. படிப்பை முடித்துவிட்டு அடுத்து என்ன என்று தெரியாத பிள்ளைகள் தொண்ணூறு பேர் வந்து அரை வருஷம் தங்கிப் பாடுவார்கள், மண் பிசைவார்கள், தட்டில் சாப்பாடு ஆறிப்போகும்வரை ஜனநாயகத்தைப் பற்றி வாதாடுவார்கள். காலையில் கூடத்தில் எல்லாரும் சேர்ந்து ஒரு பாட்டைப் பாடிய பிறகுதான் நாள் தொடங்கும். யாரும் யாருக்கும் 'நீங்கள்' இல்லை. முதல்வரிலிருந்து தரை துடைக்கிறவர்வரை 'நீ'தான், ஒரே மேஜைதான். விருந்தாளிகளிடம் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். அப்படிச் சொல்லும்போது யொன்னா பெரும்பாலும் கீழே இருப்பாள். சமையலறை பாதி நிலத்துக்குள் இறங்கியிருந்தது. ஜன்னலில் தெரிவதெல்லாம் போகிறவர் வருகிறவரின் கால்கள். முகத்தைவிட நடையை வைத்தே அவளுக்கு ஆட்களைத் தெரியும்.

அவள் வாயில் அதிகம் வந்த சொல் 'பரவால்ல'. லீவு நாளில் கூப்பிட்டாலும் பரவால்ல, அறுபது பேர் என்று சொல்லிவிட்டு எண்பது பேர் வந்து உட்கார்ந்தாலும் பரவால்ல. அந்தப் பக்கத்து ஜனங்கள் கால் ஒடிந்தாலும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் யொன்னா சொன்னால் அது மெய்யாகவே பரவாயில்லை என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

எஸ்பென் முதல்வராக வந்த பிறகுதான் வெளிநாட்டுத் தொடர்பு வந்தது. கானா நாட்டில், கடலோரச் சிற்றூர் ஒன்றில் இருந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியோடு ஏற்பாடு. அவர்கள் இங்கே வந்து ஐந்து வாரம் தங்குவார்கள். பிறகு இவர்கள் அங்கே போவார்கள். முதல் தடவை வந்த ஏழு பேரில் எஃபுவாவும் ஒருத்தி. அந்தக் கல்லூரி விடுதியில் முந்நூறு பேருக்குச் சமைக்கிறவள். நல்ல உயரம், கனத்த தோள், சிரித்தால் பக்கத்து அறையில் இருப்பவரும் திரும்பிப் பார்ப்பார்.

வந்தவர்கள் எல்லாரும் மேலே உட்கார்ந்து உள்ளாட்சி பற்றிச் சொற்பொழிவு கேட்க வேண்டும் என்பது நிகழ்ச்சி நிரல். இரண்டு நாள் கேட்டாள் எஃபுவா. மூன்றாம் நாள் படியிறங்கிச் சமையலறைக்கு வந்துவிட்டாள். யொன்னா ரை என்கிற தானிய மாவில் புரட்டிய மீனை வெண்ணெயில் பொரித்துக்கொண்டிருந்தாள். எஃபுவா கேட்காமலே ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு மென்றாள். முகம் மாறவில்லை.

"அக்கா, இந்த மீன் எதுக்குச் செத்துச்சு?"

பள்ளியில் கற்ற அரைகுறை ஆங்கிலத்தில் யொன்னாவுக்குக் கேள்வி புரிந்தது, அர்த்தம் புரியவில்லை. "ஏன்?"

"உப்பில்ல, காரமில்ல. பாவம், வீணாச் செத்துருக்கு."

யொன்னாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அத்தனை வருஷத்தில் அவள் சமையலைப் பற்றி 'நல்லா இருந்துச்சு, நன்றி' என்பதைத் தவிர யாரும் வேறு எதுவும் சொன்னதில்லை. அன்று மதியமே எஃபுவா தன் பெட்டியிலிருந்து மிளகாய்ப் பொடிப் பொட்டலத்தைக் கொண்டுவந்தாள். பிள்ளைகள் தண்ணீர் குடித்துக் குடித்து இரண்டாம் தட்டு கேட்டார்கள்.

அதன் பிறகு ஐந்து வாரமும் எஃபுவா கீழேதான் இருந்தாள். மேலே அவளுக்காகப் போட்ட நாற்காலி காலியாகக் கிடந்தது. இருவரும் எதைப் பேசவில்லை? புருஷன்மார், முட்டிவலி, கருகிய அடிப்பானையை எதைப் போட்டுத் தேய்ப்பது, எல்லாம். சொல் கிடைக்காத இடத்தில் கையைக் காட்டிக்கொண்டார்கள். ஒரு நாள் பின்படிக்கட்டில் உட்கார்ந்து பீன்ஸ் ஆய்ந்துகொண்டிருந்தபோது எஃபுவா பிள்ளைகளைப் பற்றிக் கேட்டாள். யொன்னா யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள்.

"ஒரு பையன். பொறந்தான். அழல."

எஃபுவா கையிலிருந்த பீன்ஸைக் கீழே வைத்தாள். "பேரு என்ன வெச்ச?"

இருபத்திரண்டு வருஷமாக அவளிடம் யாரும் கேட்காத கேள்வி அது. அவள் கணவன் வேர்னர்கூட அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னதில்லை. "ஆனஸ்," என்றாள் யொன்னா. எஃபுவா அந்தப் பெயரைத் தன் நாக்குக்கு வந்தபடி இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். பிறகு இருவரும் பீன்ஸை ஆய்ந்து முடித்தார்கள்.

இரண்டு வருஷம் கழித்து அவர்கள் மறுபடி வந்தார்கள். இந்தத் தடவை எஃபுவா பெட்டியை அறையில் வைக்கிறதற்கு முன்பே சமையலறைக்கு வந்தாள். அடுத்த பிப்ரவரியில் இங்கிருந்து ஆறு பேர் கானாவுக்குப் போவதென்றும், அதில் ஓர் இடம் சமையலறைக்கு என்றும் ஊழியர் கூட்டத்தில் முடிவாகியிருந்தது. சமையலறைக்கு என்றால் யொன்னாவுக்குத்தான். அதைக் கேட்டதும் எஃபுவா, பன்றி இறைச்சியைச் சுருட்டிக் கட்டுகிற நூல்கண்டை எடுத்தாள்.

"நில்லு அக்கா. கையத் தூக்கு."

"என்ன பண்ற?"

"அளவெடுக்கறேன். நீ வந்து எறங்குற ஞாயித்துக்கெழம, நான் தெச்ச கவுனைப் போட்டுக்கிட்டு என்கூடக் கோயிலுக்கு வரணும். ஊரே பாக்கணும்."

மார்புக்கு ஒரு முடிச்சு, இடுப்புக்கு ஒரு முடிச்சு, கைக்கு ஒரு முடிச்சு. துணி நீலத்தில், வெள்ளைப் பறவை போட்டது. அதை ஏற்கெனவே பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னாள். "அதுக்குள்ள குண்டாயிடாத. துணி நீளாது."

யொன்னா அதுவரை விமானத்தில் ஏறியதில்லை. பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்துக்கொண்டாள். மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி போட்டுக் கை வீங்கிப் போய் வந்தாள். வேர்னர் இறைச்சிக்கூடத்து லாரி ஓட்டுகிறவன். நல்ல வார்த்தையைக்கூடக் குத்தலாகத்தான் சொல்வான்.

"அங்க போய் அவங்களுக்கும் உருளைக்கெழங்கு அவிக்கச் சொல்லிக் குடுக்கப் போறியா?"

"கோயிலுக்குப் போகப் போறேன்."

"இங்க இருக்கற கோயிலுக்கே நீ கிறிஸ்துமஸுக்குத்தான் போற. அதுக்கு ஆப்பிரிக்கா போகணுமா?" என்றான். சனிக்கிழமை அவனே நகரத்துக்குப் போய்ச் சக்கரம் வைத்த பெட்டி ஒன்று வாங்கிவந்து நடையில் நிறுத்தினான்.

புறப்பட மூன்று வாரம் இருக்கும்போது எஸ்பென் கீழே வந்தான். முதல்வர் சமையலறைக்கு வருவது வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கும். அவனே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"யொன்னா, நீதான் இந்த வீட்டோட இதயம். அது உனக்குத் தெரியுமில்ல?"

யொன்னா குழாயை மூடினாள்.

"பிப்ரவரில குளிர்காலப் பாடம் தொடங்குது. உதவிக்கு இருக்கற பொண்ணு முதுகுவலின்னு லீவுல போயிட்டா. நீயும் இல்லன்னா சமையலறைய யார் பாக்கறது? நிர்வாகக் குழு ரொம்ப யோசிச்சுது. உன் எடத்துல விபெக்கே போகட்டும்னு முடிவு. அடுத்த தடவ முதல் பேரு உன்னோடது. சத்தியமா."

விபெக்கே நிர்வாகக் குழுத் தலைவரின் மனைவி. நகரத்தில் வீட்டு அலங்காரக் கடை வைத்திருந்தாள். சமையலறைக்கும் அவளுக்கும் ஒரே தொடர்பு, விழா நாட்களில் காப்பி ஆறிவிட்டது என்று மேலிருந்து சொல்லியனுப்புவது.

யொன்னா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள். சொல்ல நிறைய இருந்தது. "பரவால்ல," என்றாள்.

வீட்டில் வேர்னர் கத்தினான். "பரவால்லன்னு சொன்னியா? எந்த வாயால சொன்ன? ஊசி போட்டுக் கை வீங்குனது அவளுக்கா, உனக்கா?"

"ஆளில்லையாம், வேர்னர்."

"அவன் ரெண்டு வாரத்துக்குப் பக்கத்து ஊர்லேர்ந்து ஒரு ஆளக் கூப்பிட முடியாதா? உன்னயும் மொதல்ல அப்படித்தான கூப்பிட்டாங்க?"

யொன்னா எஃபுவாவுக்கு ஒரு கடிதம் எழுதி, பாலாடைக்கட்டி சீவுகிற கத்தியையும் உப்பு மிட்டாய்ப் பொட்டலத்தையும் சேர்த்துக் கட்டி எஸ்பெனிடம் கொடுத்தனுப்பினாள். பெட்டி நடையிலேயே நின்றது. அதன்மேல் வேர்னர் தன் தொப்பியை வைக்கத் தொடங்கினான்.

போனவர்கள் திரும்பிவந்து மார்ச் மாதத்தில் ஊராருக்குப் படம் காட்டினார்கள். கூடம் நிரம்பி வழிந்தது. யொன்னா ஏழு வகைக் கேக் செய்திருந்தாள்; காப்பிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாக ஊற்றிக்கொண்டு வந்தாள். எஸ்பென் பேசி முடித்ததும் விபெக்கே எழுந்தாள். அவள் உடம்பில் நீலக் கவுன். வெள்ளைப் பறவைகள். விபெக்கே ஒல்லி, மார்பில் துணி தொங்கியது, இடுப்பில் பின்னூசி குத்திப் பிடித்திருந்தாள், கைநுனியை இரண்டு மடிப்பு மடித்து விட்டிருந்தாள்.

"அங்க சமையல் பண்ற அம்மா இத என் கையில குடுத்தாங்க," என்றாள். "கண்ணுல தண்ணி. எங்க ரெண்டு பேருக்கும் சரியாப் பேச பாஷ இல்ல. ஆனா மனசுக்கு மனசு புரிஞ்சுது. என் வாழ்க்கையில இப்படி ஒரு பரிசு வாங்குனதில்ல."

எல்லாரும் கைதட்டினார்கள். யொன்னாவுக்குக் கவுனின் அளவு தெரியும். எந்த முடிச்சு எங்கே வந்திருக்கிறது என்று அங்கே நின்றபடியே அவளால் சொல்லியிருக்க முடியும். அவள் அடுத்த வரிசைக்குப் போய்க் காப்பி ஊற்றினாள். விபெக்கேயின் கோப்பையிலும் ஊற்றினாள்.

ஈஸ்டருக்குப் பிறகு எஃபுவாவின் கடிதம் வந்தது. 'அக்கா, கவுன் சரியாக இருக்கிறதா? ஒல்லியான வெள்ளைக்கார அம்மாவிடம் கொடுத்தேன். இது யொன்னாவுக்கு, யொன்னாவுக்கு என்று மூன்று தடவை சொன்னேன். பையில் உன் பேர் எழுதிய காகிதமும் வைத்தேன். அதைப் போட்டுக்கொண்டு ஒரு படம் எடுத்து அனுப்பு. இங்கே பெண்களுக்குக் காட்ட வேண்டும்.'

யொன்னா கடிதத்தை எடுத்துக்கொண்டு படியேறினாள். அதற்குள் விபெக்கே கவுனைப் பள்ளிக்கே அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டிருந்தாள். கூடத்தில் பியானோவுக்கு மேலே, கண்ணாடிப் பெட்டிக்குள், கைகளை விரித்து மாட்டியிருந்தார்கள். கீழே ஓர் அட்டை: 'நம் தோழமைப் பள்ளியின் நினைவுப் பரிசு.' விபெக்கேயும் அன்று கூட்டத்துக்கு வந்திருந்தாள்.

கடிதத்தைப் படித்த எஸ்பெனின் காது சிவந்தது. "இது ஒரு தப்புப் புரிதல், அவ்வளவுதான்," என்றான்.

"பையில காகிதம் இருந்துச்சா?" யொன்னா விபெக்கேயைக் கேட்டாள்.

"ஏதோ இருந்துச்சு. கடைச் சீட்டுன்னு நெனச்சுத் தூக்கிப் போட்டுட்டேன்." விபெக்கே சிரித்தாள். கெட்ட எண்ணத்தோடு சிரிக்கவில்லை, அதுதான் கொடுமை. "சரி, உனக்குன்னே வெச்சுக்குவோம். நீ அத எங்க போட்டுக்கப் போற, யொன்னா? சமையலறையிலயா?"

எஸ்பென் இருமினான். "இங்க உன்னது என்னதுன்னு எதுவும் இல்லையே. அங்க மாட்டியிருந்தா எல்லாருக்கும் சொந்தம். உனக்கும்தான். அவங்களுக்குப் படம்தான வேணும்? வா, அது பக்கத்துல நில்லு. நானே எடுக்கறேன்."

அவள் போய் நின்றாள். ஏன் நின்றாள் என்று பிற்பாடு எத்தனையோ தடவை தன்னையே கேட்டுக்கொண்டாள். எஸ்பென் "கொஞ்சம் சிரி," என்றான், கொஞ்சம் சிரித்தாள். அந்தப் படத்தைத்தான் எஃபுவாவுக்கு அனுப்பினாள். கூடவே எழுதிய கடிதத்தில் 'மிக அழகாக இருக்கிறது' என்று ஒரே வரி. நடந்ததைச் சொன்னால் எஃபுவா நொந்துபோவாள் என்று நினைத்தாள். சொல்லாததால் என்ன நினைப்பாள் என்று யோசிக்கவில்லை.

ஜூலையில் பதில் வந்தது. எஃபுவாவின் கடிதங்களிலேயே சின்னது அதுதான். 'அக்கா, என் துணியை ஏன் பெட்டிக்குள் பூட்டி வைத்திருக்கிறாய்? நான் சுவருக்கு அளவெடுக்கவில்லை. அதைப் போட்டுக்கொள்ள உனக்கு வெட்கமா? வெட்கம் என்றால் அளவெடுத்தபோதே சொல்லியிருக்கலாம்.'

யொன்னா சாப்பாட்டு மேஜையில் அகராதியை விரித்துப் போட்டுப் பதில் எழுத உட்கார்ந்தாள். மூன்று வாரம் எழுதினாள். நாலு பக்கம். பரவால்ல என்று தான் சொன்னது, விபெக்கே தூக்கிப் போட்ட காகிதம், சிரி என்றதும் சிரித்தது, ஒன்றையும் விடவில்லை. வேர்னர் தன் பங்குக்கு இரண்டு ஆங்கில வசவுகளைச் சொல்லிக் கொடுத்தான். அவற்றை மட்டும் அவள் எழுதவில்லை. ஆகஸ்ட் நடுவில் கடிதத்தைத் தபாலில் போட்டாள்.

செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு நாள், காலைப் பாட்டுக்குச் சமையலறை ஆட்களும் மேலே வரவேண்டும் என்று எஸ்பென் சொல்லியனுப்பினான். யொன்னா கையைத் துடைத்துக்கொண்டே போய்க் கதவோரம் நின்றாள். புதிதாக வந்த பிள்ளைகள் தொண்ணூறு பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"கானாவிலேர்ந்து துக்கச் செய்தி வந்திருக்கு," என்றான் எஸ்பென். "நம்ம தோழமைப் பள்ளியில சமையல் பண்ணிக்கிட்டிருந்த எஃபுவா போன வாரம் அடுப்படியிலயே மயங்கி விழுந்து எறந்துட்டாங்க. ரத்தக் கொதிப்பு. நம்மள்ல அவங்களோட ரொம்ப நெருக்கமா இருந்தது விபெக்கே. அவ ரெண்டு வார்த்த சொல்லுவா."

தொண்ணூறு பிள்ளைகளோடு பிள்ளையாக அந்த இடத்தில்தான் யொன்னாவுக்கும் சேதி தெரிந்தது. விபெக்கே கண்ணாடிப் பெட்டிக்குக் கீழே போய் நின்று, கைக்குட்டையை எடுத்துக்கொண்டு, பாஷை இல்லாமலே மனசுக்கு மனசு புரிந்த கதையைத் தொடங்கினாள்.

"அது என் கவுனு," என்றாள் யொன்னா.

குரல் பெரிதாக எழவில்லை. ஆனாலும் முன்வரிசைப் பிள்ளைகள் திரும்பினார்கள்.

"எஃபுவா அத எனக்குத் தெச்சா. எறச்சி கட்டுற நூல்ல என்ன அளந்தா. அவ என் சிநேகிதி. உனக்கு அவ வீட்டு வாசல்கூடத் தெரியாது."

விபெக்கேயின் கைக்குட்டை பாதியில் நின்றது. எஸ்பென் இரண்டு கையையும் முன்னால் விரித்து, குழந்தையைத் தட்டுவதுபோலக் காற்றைத் தட்டினான்.

"நம்ம எல்லாருக்குமே துக்கம்தான், யொன்னா. எல்லாருக்குமே," என்று பியானோக்காரரைப் பார்த்துத் தலையசைத்தான். "நாற்பத்தி மூணாம் பக்கம்."

தொண்ணூறு பேர் எழுந்து பாடினார்கள். மனிதர்கள் எல்லாரும் சமம் என்கிற பாட்டு. நன்றாகவும் பாடினார்கள்.

அவள் கீழே இறங்கிப் போனாள். மதியத்துக்கு இறைச்சி உருண்டையும் முட்டைக்கோசும் ஆயிற்று. பசிக்கிற பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்? பரிமாறி, பாத்திரம் கழுவி, தரையைத் துடைத்துவிட்டு, மூன்று மணிக்கு எஸ்பெனின் மேஜையில் வேலையை விடுவதாக எழுதிய தாளை வைத்தாள்.

"கோவத்துல முடிவெடுக்காத," என்றான் அவன்.

"கவுனக் குடுத்துடு. நான் போயிடறேன்."

"அது பள்ளியோட சொத்துப் பட்டியல்ல ஏறிடுச்சு. நான் ஒருத்தனாக் குடுக்க முடியாது. குழுவுல வெக்கறேன்."

குழுவில் வைத்தான். அக்டோபரில் பதில் வந்தது: அன்பளிப்பு முறையாகப் பள்ளிக்கு வழங்கப்பட்டது, தனிநபருக்குத் திருப்பித் தருவது தவறான முன்மாதிரியாகும், யொன்னாவின் நீண்டகாலச் சேவைக்கு நன்றி. கீழே விபெக்கேயின் கணவர் கையெழுத்து. வேர்னர் அதை வாசித்துவிட்டு லாரிச் சாவியை எடுத்தான். கண்ணாடியை உடைத்து எடுத்துவருவதாகச் சொன்னான். யொன்னா கதவுக்குக் குறுக்கே நின்றாள்.

"எடுத்துட்டு வந்து? யாருக்குப் போட்டுக் காட்டறது?"

அவன் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தான். அவளும் உட்கார்ந்தாள். "அவ பாத்திருந்தா ஆனஸுக்கும் ஒரு சட்ட தெச்சிருப்பா," என்றான் வேர்னர். அவன் அந்தப் பெயரைச் சொன்னது கல்யாண வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அவள் அழுதாள்.

நகரத்து முதியோர் இல்லத்தில் யொன்னாவுக்கு வேலை கிடைத்தது. சமையல் என்று சொல்ல முடியாது; வேறெங்கோ சமைத்து அடைத்து வருகிற தட்டுகளைச் சூடாக்கிப் பிரித்துக் கொடுப்பது. உப்புப் போடக்கூட இடமில்லை. எஸ்பென் அடுத்த வருஷமே கோபன்ஹேகனில் பெரிய பதவிக்குப் போய்விட்டான். கானாத் தொடர்பும் அவனோடு போயிற்று. புதிய முதல்வருக்கு யோகாசனத்தில் ஆர்வம். கூடத்துக்கு வெள்ளையடித்தபோது கண்ணாடிப் பெட்டியைக் கழற்றினார்கள் என்று கேள்வி. எங்கே வைத்தார்கள் என்று அவள் யாரையும் கேட்கவில்லை.

எஃபுவாவின் மகள் அராபாவிடமிருந்து கடிதம் வந்தது, யொன்னா பள்ளியை விட்ட வருஷத்துக் கிறிஸ்துமஸுக்கு முன்பு. யொன்னாவின் நாலு பக்கம் அடக்கம் முடிந்த நாலாம் நாள் போய்ச் சேர்ந்ததாம்.

'அம்மா படுக்கையில் கிடந்து போகவில்லை, நின்றபடியே போனார். அதனால் கடைசி வார்த்தை என்று எதுவும் இல்லை. ஆனால் கடைசி மாதம் முழுக்க, வெள்ளைக்காரச் சிநேகிதி என் துணிக்கு வெட்கப்பட்டுவிட்டாள் என்று சந்தையில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். உங்கள் கடிதத்தை நான் அந்தப் பெண்களுக்கு வாசித்துக் காட்டினேன். சிலர் நம்புகிறார்கள். சிலர், செத்தவளுக்கு யாரும் நல்லதாகத்தான் எழுதுவார்கள் என்கிறார்கள்.'

"என்ன எழுதியிருக்கா?" என்றான் வேர்னர்.

யொன்னா வரிவரியாக அவனுக்கு மாற்றிச் சொன்னாள். அவளுக்கு மதிய வேலைக்கு நேரமாகிவிட்டிருந்தது. கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, மேல்கோட்டை மாட்டிக்கொண்டு, பஸ்ஸுக்கு நடந்தாள்.